நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியின் வலய மட்ட மெய்வல்லுநர் போட்டி பற்றிக் கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். பிரதம விருந்தினர் யார், விளக்கேற்றியது யார், பொன்னாடை போர்த்தியது யார் என எல்லாம் இருந்தது. பெண்கள் 800 மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளையின் பெயரும் இருந்தது. அதில் ஓர் எழுத்துப் பிழை, அது போகட்டும். அவள் எத்தனை நிமிடத்தில் ஓடினாள் என்பது மட்டும் இல்லை.

அம்மாமார் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்தில் கிலோவை எழுதாமல் விடுவார்களா? கொஞ்சம் குறைந்தாலே அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிடுவார்கள். அதே அம்மாவின் மகள் ஓடினால் மட்டும் கணக்கு எழுத ஆளில்லை.

தோட்டப் பாடசாலையொன்றில் உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் நாட்டு 800 மீற்றர் வீராங்கனை தருஷி கருணாரத்னவைப் பற்றி இங்கே டீக்கடையில் பேசுவதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிள்ளையால் முன்னேற முடியவில்லை என்றதும் ‘அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது 19.

அவளுடைய நேரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் பாங்கொக்கில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 2 நிமிடம் 0.66 விநாடி. தங்கமும் அவளுக்கே, அந்தப் போட்டியின் புதிய சாதனையும் அவளுக்கே. அதே வருடம் ஒக்டோபரில் ஹங்சௌ ஆசிய விளையாட்டு விழாவில் 2 நிமிடம் 3.20 விநாடி. இரண்டரை விநாடி மெதுவாக ஓடியும் தங்கம்! 2002க்குப் பிறகு ஆசிய விழாவின் ஓட்டக் களத்தில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ‘தங்கம் வென்றார்’ என்று மட்டும் எழுதினால் இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? இறுதிப் போட்டியில் வேகம் பிடித்துக்கொடுக்க ஆள் கிடையாது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு முதல் சுற்றை அடக்கி ஓடுவார்கள், கடைசி 200 மீற்றரில் எல்லாம் மாறும். 800 என்றால் காலுக்கு மட்டுமல்ல, மூளைக்கும் வேலை. இது தெரிந்தால்தான் பாரிஸைப் பற்றியும் நிதானமாகப் பேச முடியும்.

இன்னொரு நேரமும் மனதில் நிற்கிறது. 2006 டோஹா ஆசிய விழாவின் 800 மீற்றரில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் இரண்டாவதாக வந்தார். செங்கல் சூளையில் உழைத்தவர்களின் மகள். பிறகு பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஓடிய நேரம், ஹங்சௌவில் தங்கம் பெற்றுத் தந்த நேரத்தைவிட 0.04 விநாடி குறைவு. பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நேரத்தை யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான் இன்று எனக்கு இதைச் சொல்ல முடிகிறது.

பத்திரிகைக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய கடனும் உண்டு. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக 800 மீற்றர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். பல பத்திரிகைகளோ பெண்கள் களைத்து விழுந்த கதையைத்தான் பெரிதாக்கின. அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960இல், ரோமில்.

தருஷி கொழும்புப் பிள்ளையல்ல. கண்டிக்குப் பக்கத்தில் மெனிக்ஹின்ன, வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியில் படித்தவள். அவளுக்கு சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுவிப்பாளர் இருந்தார். எங்கள் பக்கத்திலோ ‘மலைப் பிள்ளைகளுக்கு மூச்சு நல்லா இருக்கும்’ என்று சொல்லியே காலத்தைக் கழிக்கிறோம். மூச்சு இருக்கிறது, மைதானம்தான் இல்லை. சுண்ணாம்பில் 200 மீற்றர் வட்டம் போட்டு நாலு சுற்று ஓடவிட்ட காலத்தில், என்னிடம் ஓடிய ஒரு பிள்ளை மூன்று வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்தாள். சான்றிதழ் மூன்றிலும் ‘முதலாமிடம்’ என்றுதான் இருந்தது. பயிற்சிக்குச் சேர்க்கச் சொல்லி ஓரிடத்துக்கு அழைத்துப் போனபோது, ‘டைமிங் எவ்வளவு?’ என்று கேட்டார்கள். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். நேரத்தை எழுதி வைக்காத குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அடுத்து மாகாண மட்டப் போட்டி வருகிறது. ஸ்டொப் வொட்ச்சோடு முடிவுக் கோட்டில் நானே நிற்பேன். பிள்ளைகளின் பெயரையும் நேரத்தையும் அன்று மாலையே எழுதி அனுப்புகிறேன். பிரதம விருந்தினரின் படத்தைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டால் இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
தலவாக்கலை