தெரிந்த குரல், தெரியாத பாட்டு

அமெரிக்காவின் கிளாசிக் ராக் வானொலி நிலையங்களில் எந்தப் பாட்டு போக வேண்டும் என்று முடிவு செய்யும் நிகழ்ச்சி இயக்குநர்களுக்கு,

வணக்கம். இருபது வருடங்களுக்கும் மேலாக நான் உங்கள் நேயர். ராக் இசை எனக்கு அறிமுகமானதே காரில் இருந்த எஃப்.எம். வழியாகத்தான். லெட் செப்பெலின் யார், பிங்க் ஃப்ளாய்ட் யார் என்பதெல்லாம் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் உங்கள் அறிவிப்பாளர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்கு நெடுஞ்சாலையில் ஏறினேன். தின் லிஸி குழுவின் 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' ஓடியது. மறுநாளும் ஐந்தரைக்கு ஏறினேன், அதே பாட்டு. மூன்றாம் நாள் வேறு நிலையத்துக்கு மாற்றினால் அங்கேயும் அதுதான். எனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும். பாடகர் ஃபில் லைனட்டின் குரலும் அந்த இரட்டை கிட்டாரும் இன்றைக்கும் உடம்பை நிமிர வைக்கும். ஆனால் அந்தப் பாட்டு வந்த 1976ஆம் ஆண்டு ஆல்பத்தில் தின் லிஸி ஒன்பது பாட்டு பாடியிருக்கிறார்கள். அதே இரட்டை கிட்டார் பாய்ந்து ஓடும் 'கவ்பாய் சாங்' அதில்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் உங்கள் அலைவரிசையில் அதை நான் கேட்டதே இல்லை. நானாகத் தேடிப் போய்தான் கேட்டேன். அன்றைக்கு எனக்கு ரேடியோ தேவைப்படவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பழைய பாட்டு யாருக்கும் சலிக்கவில்லை. ஒவ்வொரு குழுவிலிருந்தும் அதே இரண்டு மூன்று பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் சலிக்கிறது. பெரும்பாலான நிலையங்களின் பட்டியல் சில நூறு பாட்டுகளைத் தாண்டுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகளின் இசையிலிருந்து பொறுக்கி எடுத்தது அவ்வளவுதானா?

ஏன் இப்படி ஆனது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பாட்டைச் சோதிக்கும் முறையே அப்படி. முன்பு ஒரு ஹோட்டல் அரங்கில் ஆட்களை உட்கார வைத்தீர்கள், இப்போது பெரும்பாலும் இணையத்தில் நடத்துகிறீர்கள். நூற்றுக்கணக்கான பாட்டுகளின் ஹூக்கை, அதாவது மனதில் ஒட்டிக்கொள்ளும் துண்டை மட்டும், ஏழிலிருந்து பத்து விநாடி ஒலிக்கவிட்டு மதிப்பெண் கேட்கிறீர்கள். பத்து விநாடியில் ஒருவர் சொல்லக்கூடியது 'இது எனக்குத் தெரியும்' என்பது மட்டும்தான். தெரிந்த பாட்டு மதிப்பெண் வாங்குகிறது, மதிப்பெண் வாங்கியதால் ஒலிபரப்பாகிறது, ஒலிபரப்பாவதால் இன்னும் தெரிந்த பாட்டாகிறது. கேட்காத பாட்டுக்கு இந்த வட்டத்துக்குள் நுழைய வாசலே கிடையாது. 'பர்ன்' என்று ஒரு கேள்வியும் கேட்கிறீர்கள், இந்தப் பாட்டு அலுத்துவிட்டதா என்று. ஆனால் உண்மையாகவே அலுத்துப்போனவர் அந்த அரங்குக்கு வந்திருக்க மாட்டார். அவர் எப்போதோ வேறு பக்கம் போயிருப்பார்.

2007இல் பிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும் தொடங்கிய பி.பி.எம். கருவி, அதாவது நேயர் எந்த நிலையத்தைக் கேட்கிறார் என்று தானாகப் பதிவு செய்யும் கருவி, இதை இன்னும் இறுக்கிவிட்டது. அதற்கு முன் நேயர்கள் நாட்குறிப்பில் தங்கள் கைப்பட எழுதினார்கள். கருவி வந்த பிறகு எந்த நிமிடத்தில் யார் விலகினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. தெரியாத பாட்டு வரும்போது வரைபடக் கோடு கொஞ்சம் சரிவதைப் பார்த்ததும் அந்தப் பாட்டை எடுத்துவிடுகிறீர்கள். ஆனால் ஒரே பாட்டை ஆயிரமாவது தடவை கேட்டுவிட்டு மெல்ல மெல்ல ரேடியோவையே விடுபவரை எந்த ஒரு நிமிடத்தின் கோடும் காட்டாது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. முன்பு கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டால்தான், நேயர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கில் ஒரு நேயர் சேர்வார். 2025 ஜனவரி முதல் அது மூன்று நிமிடம் ஆகிவிட்டது. ஒரே ஒரு பாட்டை முழுதாகக் கேட்டாலே கணக்கில் வந்துவிடுகிறார். கொஞ்சம் துணிந்து பார்க்க இப்போது முன்பைவிட இடம் இருக்கிறது.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

உங்கள் நேயர் வாக்கெடுப்புகளில் வருடா வருடம் முதல் வரிசையில் நிற்கும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' எப்படிப் பிரபலமானது? 1971இல் லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில் அது வந்தபோது, அமெரிக்காவில் அந்தப் பாட்டைத் தனி சிங்கிளாக வெளியிடவே இல்லை. எட்டு நிமிடப் பாட்டு. மெதுவாகப் புல்லாங்குழலோடு தொடங்குகிறது, டிரம்ஸ் வரவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதிலிருந்து பத்து விநாடியை வெட்டி, அதுவரை கேட்டிராத ஒருவரிடம் போட்டுக் காட்டினால் என்ன மதிப்பெண் வந்திருக்கும்? எஃப்.எம். அறிவிப்பாளர்கள் எல்.பி.யை எடுத்து, ஊசியைச் சரியான கோட்டில் வைத்து, 'இதைக் கேளுங்கள்' என்றார்கள். அப்படித்தான் அது ஊரெல்லாம் பரவியது. 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் டாம் டானஹ்யூ தொடங்கிவைத்த வழி அது. பிடித்ததைப் போடு, நீளமாக இருந்தாலும் போடு, நேயர் கூடவே வருவார் என்கிற வழி. இன்று நீங்கள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் அந்த 'நிச்சய வெற்றி'யும் ஒரு காலத்தில் தெரியாத பாட்டுதான்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். தெரிந்த குரலில் தெரியாத பாட்டைக் கொடுங்கள். யாரும் கேள்விப்படாத குழுவைத் தேடிக் கொண்டுவர வேண்டாம். லெட் செப்பெலின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் குரலை ஒரு விநாடியில் அடையாளம் காணும் நேயருக்கு, பிளான்ட் பாடியதில் அந்த நேயர் இதுவரை கேட்காத பாட்டைக் கொடுங்கள். குரல் தெரிந்ததால் கை பொத்தானுக்குப் போகாது, பாட்டு புதிது என்பதால் காது கூர்மையாகும். 1975இல் வந்த அவர்களுடைய 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' பதினைந்து பாட்டு கொண்ட இரட்டை ஆல்பம். உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது 'காஷ்மீர்', அப்புறம் எப்போதாவது இன்னும் ஒன்றிரண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில், பெயர் நினைவில்லாத ஓர் அறிவிப்பாளர் 'டென் இயர்ஸ் கான்' போட்டார். போடுவதற்கு முன், 'குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் எத்தனை கிட்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்' என்று ஒரே ஒரு வரி சொன்னார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, பாட்டு முடியும்வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நிலையத்தை அதற்குப் பிறகு எத்தனை வருடம் விடாமல் கேட்டேன் என்பது எந்தக் கருவியிலும் பதிவாகியிருக்காது.

இதற்குக் கூடுதல் செலவும் இல்லை. பாட்டு எழுதியவர்களுக்காக உரிமத் தொகை வசூலிக்கும் ஏ.எஸ்.சி.ஏ.பி., பி.எம்.ஐ. போன்ற அமைப்புகளுக்கு நீங்கள் கட்டுவது மொத்த உரிமக் கட்டணம். அவர்களிடம் உள்ள பாட்டுகளில் முந்நூறைப் போட்டாலும் மூவாயிரத்தைப் போட்டாலும் அது கூடப்போவதில்லை. மற்ற பாட்டுகள் உங்கள் கையிலேயே தூங்குகின்றன.

எப்படிச் செய்வது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மணிக்குப் பதினோரு பன்னிரண்டு பாட்டு போடுகிறீர்கள் என்றால் அதில் இரண்டே இரண்டை இப்படிக் கொடுங்கள், இரண்டு பக்கமும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை வைத்து. மிக அதிகமாக ஓடிய ஐம்பது பாட்டுகளை முறை வைத்து மூன்று மாதம் ஓய்வெடுக்க விடுங்கள். திரும்பி வரும்போது அவற்றுக்கே ஒரு புதுப் பொலிவு இருக்கும். அப்புறம், நேற்று இந்த நேரத்தில் போட்ட பாட்டை இன்று இதே நேரத்தில் போடாதே என்ற விதி உங்கள் அட்டவணை மென்பொருளிலேயே இருக்கிறது. தயவுசெய்து அதைக் கண்டிப்பாக வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வண்டி ஓட்டுபவர்கள்தான் உங்களை அதிகம் கேட்கிறவர்கள்.

ஆண்டுகளையும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். வானொலி ஆலோசகர் ஃப்ரெட் ஜேக்கப்ஸ் 1985இல் மிச்சிகனின் லான்சிங் நகரில் இந்த கிளாசிக் ராக் ஃபார்மட்டைத் தொடங்கியபோது, செப்பெலினின் நான்காவது ஆல்பத்துக்குப் பதினான்கு வயதுகூட நிறையவில்லை. அதை அன்று 'கிளாசிக்' என்று அழைக்க யாரும் தயங்கவில்லை. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' 1991இல் வந்தது, முப்பது ஆண்டு தாண்டிவிட்டது. உங்களில் பலர் நிர்வாணாவையும் பேர்ல் ஜாமையும் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அங்கேயும் அதே ஒன்றிரண்டு பாட்டுதான். பழைய நோயைப் புதிய பத்தாண்டுக்கும் கொண்டுபோகாதீர்கள்.

மாற்றத்தை அவசரப்பட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ்.-எஃப்.எம். ஒரு பாடம். 1972 முதல் பழைய பாட்டுகளுக்கென்றே பெயர் பெற்றிருந்த அந்த நிலையம், 2005 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று 'ஜாக்' என்ற ஃபார்மட்டுக்கு மாறியது. பட்டியல் பெரிதானது என்னவோ உண்மைதான். ஆனால் பல வருடமாகப் பழகிய அறிவிப்பாளர்களின் குரல் ஒரே நாளில் காணாமல் போனது. யாரும் பேசாமல், எதுவும் சொல்லாமல், எந்தக் காலத்துப் பாட்டும் எதன் பின்னாலும் வந்தது. நேயர்களுக்குத் தங்கள் வீட்டுக்குள் வேறு யாரோ குடிவந்தது போல இருந்திருக்கும். 2007 ஜூலையில் பழைய வழிக்கே திரும்பினார்கள். திரும்பியபோதும் அப்படியே பழையபடி இருந்துவிடவில்லை. ஐம்பதுகளின் பாட்டைக் குறைத்து, எழுபது எண்பதுகளைக் கூட்டி, அறிவிப்பாளர்களோடு வந்தார்கள். அந்தத் திரும்பல்தான் நிலைத்தது. பட்டியலை வெறுமனே ஆயிரமாகப் பெருக்கிக் குலுக்கிப் போடுவது ஸ்ட்ரீமிங் செயலியின் வேலை. அதை அதனிடமே விட்டுவிடலாம்.

இன்னொரு பயம் உங்களுக்கு உண்டு. இளைஞர்கள் வர மாட்டார்கள் என்பது. 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்த பிறகு, கேட் புஷ் 1985இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அதே தொடரில் வந்த மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', வெளியாகி 36 ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக பில்போர்டு ஹாட் 100இல் நுழைந்தது. அது எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. இளைஞர்கள் பழைய பாட்டுக்கும் நீளமான பாட்டுக்கும் வருகிறார்கள். யாராவது ஒரு காரணத்தோடு அதைக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கை உங்களுடையதாக இருந்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

அதனால்தான் அறிவிப்பாளரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வேறு ஊரில் இருந்துகொண்டு ஒரே மணி நேரத்தில் ஒரு வாரத்துக்கான பேச்சைப் பதிவு செய்து அனுப்பும் குரலால் அந்த ஒரு வரியைச் சொல்ல முடியாது. பத்து விநாடி போதும். இந்தப் பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று பாட்டைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும்.

இரண்டு விஷயங்களை விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் முழுக்கக் கேட்டாலும் ஒரு பெண் குரல்கூட வராத நாட்கள் இருக்கின்றன. ஹார்ட், பிரிட்டெண்டர்ஸ், பாட் பெனட்டார், ஜோன் ஜெட் எல்லோரும் உங்கள் அலமாரியில்தானே இருக்கிறார்கள்? கறுப்பினக் கலைஞர்களின் ராக் குழுவான லிவிங் கலர் ஏன் இவ்வளவு அபூர்வம்? இன்னொன்று, நீங்கள் கொண்டாடும் குழுக்கள் இன்றும் பாடுகின்றன. ரோலிங் ஸ்டோன்ஸ் 2023இல், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு ஒரு புதிய ஆல்பம் கொடுத்தார்கள். வெளியான வாரம் கொஞ்சம் ஒலித்தது, பிறகு காணோம். மிக் ஜாகரின் குரல்தான் அது. அதைவிடத் தெரிந்த குரல் எங்கே கிடைக்கும்?

நியூயார்க்கின் க்யூ104.3 நிலையம் வருடத்துக்கு ஒருமுறை, நன்றி நவிலும் நாளை ஒட்டி, நேயர்கள் தேர்ந்தெடுத்த 1,043 பாட்டுகளை வரிசையாக ஒலிபரப்புகிறது. மக்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள், என்ன பாட்டு எந்த இடம் என்று சண்டை போடுகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைக் கேட்க நேயருக்குப் பொறுமை இருக்கிறது என்பதை நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள். மீதி மாதங்களில் ஏன் அந்த நம்பிக்கை வருவதில்லை?

லாஸ் ஏஞ்சலிஸின் 'தி சவுண்ட்' 2017இலும், சிகாகோவின் 'தி லூப்' 2018இலும் விற்கப்பட்டு மத ஒலிபரப்புக்குப் போனது எனக்குத் தெரியும். கடனும் நிறுவனக் கணக்குகளும் உங்கள் கையில் இல்லை. ஆனால் நாளை மாலை ஐந்தரை மணிக்கு என்ன பாட்டு என்பது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 'காஷ்மீர்' போடுங்கள். அது முடிந்ததும், அதே ஆல்பத்தின் அடுத்த தட்டிலிருந்து 'டென் இயர்ஸ் கான்' போடுங்கள். நடுவே ஒருவர் ஒரு வரி சொல்லட்டும். நான் அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில்தான் இருப்பேன், ரேடியோவைப் போட்டுக்கொண்டு.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் நேயர்