அந்த ஆபீசுக்கு ஒரு முறை போய் வா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம்போலத் தண்ணீர், அதனால் ஸ்கூலுக்குச் சுற்றிக்கொண்டு போகிறேன். ஆயாவுக்கு சுகர் இறங்கியிருக்கிறது. மீதி வீட்டுச் செய்தியை அக்கா சொல்லியிருப்பாள்.

போன் செய்தால் "நல்லா இருக்கேம்மா, க்ளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். பேசினால் நான் சொல்ல வந்ததை மறந்து, சாப்பிட்டாயா தூங்கினாயா என்றே கேட்டு முடித்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது முழுவதும் படி.

ஆகஸ்ட்டில் மூன்று பாடங்களின் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பினாயே, அதை நம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட தாளில் என் மகன் படிக்கப்போகும் பாடம் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் காட்டினேன். முன் பக்கங்களில் பாடம், புத்தகம், மார்க் பிரிக்கும் விதம் எல்லாம் இருக்கின்றன. நீ அதுவரைதான் படித்திருப்பாய். ஸ்கூலில் நாங்கள் கொடுக்கும் சுற்றறிக்கையையும் பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். நான் கடைசிப் பக்கங்களைப் படித்தேன். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வசதிகள், பாகுபாடு, ஏஐ என்று மூன்று விஷயங்கள் அங்கே இருக்கின்றன. மூன்றும் உனக்காகவே எழுதியதுபோல எனக்குத் தோன்றியது.

பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் உன் கற்றல் குறைபாட்டுக்காகப் பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. அதற்காக அப்பா லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கல்வி ஆபீசுக்கும் நடந்தார். அதற்கு முன்னால் உன் கையெழுத்தைப் பார்த்து சோம்பேறி என்று சொன்னவர்களை நான் இன்னும் மறக்கவில்லை. கூடுதல் நேரம் கிடைத்ததும் நீ வாங்கிய மார்க்கையும் மறக்கவில்லை. உனக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஏர்போர்ட்டில் அந்தக் குறைபாட்டுக்கான சர்டிபிகேட்டை நீட்டினால், "இனிமே இது வேணாம்மா, அங்க யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாய். சரி, பெரிய பிள்ளை, நீயே முடிவெடு என்று விட்டேன். இப்போது அப்படி விட மனமில்லை.

அந்தப் பாடத்திட்டத்தில் இரண்டு சட்டங்களின் பெயர் இருக்கிறது. ஒன்று 1973-ம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-வது பிரிவு. இன்னொன்று 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம். உனக்குக் கிடைப்பது யாரோ இரக்கப்பட்டுத் தருவது இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம் நாட்டிலும் அப்படித்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் உன்னுடைய கற்றல் குறைபாடும் ஒன்று. யுபிஎஸ்சி தேர்வு எழுதிய ஒருவருக்குக் கை எழுத வராது, ஆனால் நாற்பது சதவீத ஊனம் இல்லை என்பதால், சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தர் ஒருவரைத் தர மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், அந்த சதவீதத்தைக் காட்டி மறுக்கக் கூடாது, எழுத்தர் வைத்துக்கொள்வது அவர் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அதை எங்கள் ஸ்கூல் ஆசிரியர் பயிற்சியில் வாசித்துக் காட்டினேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

அங்கே நடைமுறையும் கஷ்டமில்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆபீசில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் உன்னிடம் பேசி, உன் காகிதங்களைப் பார்த்து, என்ன வசதி தேவை என்று ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம்தான் பேராசிரியருக்குப் போகும். அதில் கூடுதல் நேரம், தனி அறை, லேப்டாப்பில் எழுதலாம் என்று இருக்கும். உனக்கு என்ன என்று இருக்காது. அதை நீ வகுப்பில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாயே, அதைத்தான் அந்த ஆபீசும் செய்கிறது.

ஆனால் ஒன்று. கடிதம் கொடுத்த நாளிலிருந்துதான் வசதி. எழுதி முடித்த பரீட்சைக்கும் கொடுத்து முடித்த கட்டுரைக்கும் பின்னோக்கிப் போகாது என்று உன் பாடத்திட்டத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இந்த செமஸ்டரில் பாதி போய்விட்டது. அதனால் நாளைக்கே போ.

இப்போது ஏஐ விஷயம். உன் மூன்று பாடத்துக்கும் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எதற்குமே தொடக்கூடாது என்கிறார். இன்னொருவர் புரோகிராம் எழுதப் பயன்படுத்தலாம், என்ன கேட்டாய், என்ன கொடுத்தது என்று கடைசியில் எழுதிவிடு என்கிறார். மூன்றாவது தாளில் ஒரு வரிகூட இல்லை. ஒரு வரியும் இல்லாத இடத்தில்தான் எனக்குப் பயம். சொல்லவில்லை என்றால் அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு மெயில் போட்டுக் கேள். இலக்கணம் திருத்தும் சாஃப்ட்வேர் ஓகேவா, நான் பேசினால் எழுதிக்கொள்ளும் சாஃப்ட்வேர் ஓகேவா என்று ஒவ்வொன்றாகக் கேள். வரும் பதிலை அழிக்காதே. மில் மூடியபோது, காகிதங்களைப் போட்டு வைத்திருந்த அந்த டிரங்குப் பெட்டி தாத்தாவுக்கு எப்படி உதவியது என்று உனக்குத் தெரியும்.

நீ பேசிப் பேசித்தான் எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். காலேஜில் பிராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதையும் மொட்டை மாடியில் நடந்துகொண்டே போனில் சொல்லி எழுதினாய். கீழ்வீட்டு அம்மா யாரோடு இவன் சண்டை போடுகிறான் என்று கேட்டார்கள். அப்படிப் பேசியதைப் பிறகு ஏதாவது ஒரு சாஃப்ட்வேரில் போட்டு ஒழுங்குபடுத்துவாய். அந்த வாக்கியமெல்லாம் மெஷின் எழுதியது மாதிரித்தான் இருக்கும். நினைத்தது நீ, சொன்னது நீ, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. இதே சாஃப்ட்வேர் அந்த ஆபீஸ் தரும் கடிதத்தில் எழுதியிருந்தால் உனக்குக் கொடுத்த வசதி. கடிதத்தில் இல்லாமல் நீயே பயன்படுத்தினால், தொடவே கூடாது என்று சொன்ன பேராசிரியருக்கு அது விதிமீறல். நடுவில் இருப்பது அந்த ஒரு தாள்தான். கடிதம் வந்த பிறகும் எது வரை போகலாம் என்று பேராசிரியரிடம் உட்கார்ந்து பேசிக்கொள். பேசுவதை எழுதிக்கொள்வது ஒன்று, வாக்கியத்தையே மாற்றி எழுதித் தருவது வேறு. இரண்டையும் சேர்த்து அனுமதித்துவிட்டார்கள் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே.

எங்கள் கம்ப்யூட்டர் சாரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர்களை ஸ்டான்ஃபோர்டில் 2023-ல் சோதித்துப் பார்த்த ஒரு கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். ஏழு சாஃப்ட்வேர்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலப் பரீட்சைக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்திருக்கிறார்கள். சராசரியாக அதில் 61 சதவீதத்தை மெஷின் எழுதியது என்று சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியதை ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருக்கின்றன. எளிமையான சொற்களைத் திரும்பத் திரும்பப் போட்டு எழுதினால் அதற்குச் சந்தேகம் வருகிறதாம். நம் பிள்ளைகள் ஆங்கிலம் அப்படித்தானே எழுதுவார்கள். சாட்ஜிபிடி செய்த ஓபன்ஏஐ கம்பெனியே தான் வெளியிட்ட கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. யாராவது உன்னைக் கேட்டால் இதையெல்லாம் மரியாதையாகச் சொல்லலாம். அதைவிட, நீ எழுதிய கூகுள் டாக்கில் எந்த நேரத்தில் என்ன மாற்றினாய் என்ற வரலாறு இருக்கும், அதைக் காட்டலாம். பேசிப் பதிவு செய்த ஆடியோவை அழிக்காதே. கேள்வி கேட்டு மெயில் வந்தால் பதில் போடாமல் இருக்காதே. பதில் போடாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக நினைப்பார்கள்.

போன வாரம் பெரம்பூர் மார்க்கெட்டில், உன்னோடு கிளம்பிப் போன பையனின் அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் பேட்ச்சில் யாருக்கோ ஒரு கட்டுரைக்காக மெயில் வந்திருக்கிறதாம். யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கத்திரிக்காய் விலையைப் பேசிவிட்டு வந்தேன்.

அப்புறம் அந்த வீட்டு விஷயம். கூட இருப்பவர்கள் மெட்ராஸில் எந்த ஏரியா என்று கேட்டு, வியாசர்பாடி என்று நீ சொன்ன பிறகு பாத்திரத்தைத் தனியாக வைக்கச் சொன்னார்களாமே. அக்கா சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. நீ சிரித்துக்கொண்டு சொன்னாயாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராயபுரத்தில் வாடகை வீடு பார்க்கப் போன அன்று அப்பா எப்படித் திரும்பி வந்தார் என்று நீ பார்த்திருக்கிறாய். அதே சாதிப் பார்வை கடல் தாண்டி உன் சமையலறைக்கு வந்திருக்கிறது.

உன் பாடத்திட்டத்தில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் நிறம், இனம், வம்சாவளி, பிறந்த நாடு, மதம் எல்லாம் இருக்கின்றன, சாதி இல்லை. பிரான்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லேயே சாதியைச் சேர்த்தது. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் சேர்த்தது. நீ இருக்கும் கலிபோர்னியாவில் 2023-ல் சாதிப் பாகுபாட்டுக்கென்றே ஒரு மசோதா வந்து, ஆளுநர் நியூசம் அதில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். அப்போது அவர் சொன்ன காரணம், இருக்கும் சட்டத்திலேயே சாதிப் பாகுபாடு தடைதான் என்பது. எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, ஆனாலும் அந்தக் காரணத்தை நீ பிடித்துக்கொள்ளலாம். உன் பல்கலைக்கழகத் தாளில் வார்த்தை இல்லையே என்று பேசாமல் இருக்காதே. வம்சாவளி என்ற சொல்லுக்குள் இது வரும் என்று சொல்லிக் கேள். என்ன நடந்தது, யார் சொன்னார்கள், என்றைக்கு என்று இப்போதே எழுதி வை. இன்னொன்றும் படித்தேன். சில விஷயங்களைப் பேராசிரியரிடம் சொன்னால் அவர் மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டுமாம். அதனால் புகார் வேண்டுமா, முதலில் யோசனை மட்டும் கேட்க வேண்டுமா என்று நீ முடிவு செய்துகொண்டு போய்ப் பேசு. வீடு மாறுவது என்றாலும் மாறு. முன்பணத்துக்கு அப்பா ஏற்பாடு செய்வார், என் சீட்டுப் பணமும் தை மாதம் வருகிறது.

உன்னை நினைத்தால் எனக்குப் பெருமைதான். இந்த ஏரியாவிலிருந்து மெரிட்டில் போன பிள்ளை நீ. ஆனால் எல்லாவற்றையும் யாருக்கும் தெரியாமல் தனியாகத் தாங்கிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று எங்கே கற்றுக்கொண்டாய்? நாங்கள் உன்னை அப்படி வளர்க்கவில்லை. கூடுதல் நேரம் வாங்கின பரீட்சையில் நீ எழுதியதும் உன் சொந்தப் பதில்தான். அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

சர்டிபிகேட்டை மறுபடி ஸ்கேன் செய்து இந்தக் கடிதத்தோடு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சைகளுக்குச் சலுகை கொடுத்த ஆணையும் இருக்கிறது. பழைய ரிப்போர்ட் போதாது, புதிதாகப் பரிசோதனை வேண்டும் என்று அந்த ஆபீசில் சொன்னால் பயப்படாதே. அதற்கு எவ்வளவு ஆகும், மாணவர் இன்சூரன்ஸில் வருமா என்று மட்டும் கேட்டு எழுது. இங்கிருந்து டாக்டரின் கடிதம் ஏதாவது வேண்டுமென்றால் சனிக்கிழமை நானே போய் வாங்கி வருகிறேன். ராத்திரி பத்து மணிக்கு, உனக்குக் காலை நேரம், நான் போனோடுதான் இருப்பேன். ஸ்கேனில் முத்திரை தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல். ஆபீசுக்கு என்றைக்குப் போகிறாய் என்பதையும் சொல்.

அன்புடன்,
அம்மா