"ஆமாம்" என்ற பதில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வார்டில் மருந்து மாறிவிட்டது என்று கேள்விப்பட்டால் உடனே 'தாதியின் அலட்சியம்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். மருந்து கொடுக்கும் வேலை எங்கெங்கே சறுக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

சரியான நோயாளி, மருந்து, அளவு, கொடுக்கும் வழி (வாயாலா, ஊசியாலா), நேரம் ஆகிய ஐந்தும் தாதியருக்கு மனப்பாடம். சறுக்கல் பெரும்பாலும் செய்யும் விதத்தில்தான். "நீங்கள்தானே முத்துசாமி?" என்று கேட்டால் காது மந்தமான பெரியவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் சொன்ன பெயரையும் பிறந்த தேதியையும் கையில் கட்டியிருக்கும் அடையாளப் பட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரே வார்டில் இரண்டு முத்துசாமிகள் இருப்பது நம்மிடையே அதிசயமில்லை. கட்டில் எண்ணையும் நம்பக்கூடாது, கட்டில் மாற்றியிருப்பார்கள்.

அளவில் மிகவும் பயப்பட வேண்டியது இன்சுலின். வழக்கமான இன்சுலினில் 1 மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 8 யூனிட் என்றால் வெறும் 0.08 மில்லிலிட்டர். அதைச் சாதாரண ஊசிக்குழலில் துல்லியமாக அளக்க முடியாது. புள்ளி ஓரிடம் தள்ளினால் 80 யூனிட் ஏறிவிடும். யூனிட் கோடு போட்ட தனிக் குழல் அதற்காகத்தான். 'யூனிட்' என்பதற்கு ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் கிறுக்கினால் அதுவும் சுழியமாகத் தெரியும்.

இன்னொரு தாதி சரிபார்க்கிறாரே என்பீர்கள். "8 யூனிட், சரிதானே?" என்று விடையைச் சொல்லிவிட்டுக் கேட்பது வெறும் சம்பிரதாயம். இரண்டாமவர் மருத்துவரின் உத்தரவைப் படித்துத் தாமே கணக்குப் போட வேண்டும்.

கைப்பட்டையையும் மருந்து உறையையும் ஸ்கேன் செய்து ஒப்பிடும் பார்கோடு கருவி நல்ல துணை. ஆனால் கைப்பட்டை கசங்கி ஸ்கேன் ஆகாதபோது, அதன் நகலை மருந்து வண்டியில் ஒட்டிவைத்து ஸ்கேன் செய்தால் பாதுகாப்பே போய்விடும். புதுப் பட்டை கட்ட இரண்டு நிமிடம் போதும். கருவி சரியென்று காட்டிய பிறகும், மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை நசுக்கி உணவுக் குழாய் வழியே (மூக்கு வழியாகச் செருகியது) கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கும். உறை பிரித்தபின் நடப்பதைக் கருவி பார்ப்பதில்லை.

நடக்கவிருந்து கடைசி நேரத்தில் தப்பிய பிழைகளையும் தண்டனைக்குப் பயப்படாமல் எழுதிவைக்கத் தாதியரை நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழப்பம் தந்த அதே குப்பி அதே அலமாரியில்தான் இருக்கும்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாதி மருந்து எடுக்கும்போது தலையணை, தேநீர் பேச்சு வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி போன்ற அவசரம் என்றால் மட்டும் உடனே கூப்பிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை, லேகியம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தாதியர் இருவர், தோ பாயோ, சிங்கப்பூர்