சூட்டக் கூட்டாத புள்ள, காத்த ஓட விடு

என்ட செல்லப் புள்ளைக்கு,

நீ மெசின்ல காயவச்சுப் போட்ட மாம்பழத் துண்டுப் போத்தல்ல பூஞ்சணம் பிடிச்சிட்டு எண்டு நீ போன்ல கவலைப்பட்டதில இருந்து எனக்கு மனசு கேக்கல்ல. வாட்ஸப்ல வொய்ஸ் போட்டா வேலைக்குப் போற அவசரத்தில பாதி கேட்டு பாதி விட்டிருவாய், அதான் எழுதுறன், ஆறுதலா வாசி.

முதல்ல அந்தப் போத்தல முழுசா வீசு. மேல உள்ளத எடுத்துப்போட்டு கீழ உள்ளதத் தின்னலாம் எண்டு நினைக்காத, பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியிற இடத்தில மட்டும் நிக்கிறதில்ல.

நீ சொன்னத வச்சுப் பாத்தா முதல் காரணம் சூடுதான். 70 பாகை செல்சியஸ்ல வச்சா சுறுக்கா காயும் எண்டு நினைச்சிரிக்காய். இந்த டிஹைட்ரேட்டர் எண்ட காயவைக்கிற மெசினுக்குள்ள சூடாக்கிற கம்பி ஒண்டு, காத்தாடி ஒண்டு, அவ்வளவுதான், அதுல காத்தாடிக்குத்தான் பெரிய வேல. சூடு துண்டுக்குள்ள உள்ள தண்ணிய வெளிய கொண்டுவரும், காத்து அத அள்ளிக்கொண்டு போகும். சூடு மட்டுமீறினா வெளிப்பக்கம் முதல் இறுகிரும், உள்ளுக்குள்ள ஈரம் வெளிய வர வழியில்லாம மாட்டிக்கொள்ளும். தொட்டா காஞ்ச மாதிரித்தான் இருக்கும், போத்தல்ல போட்டு மூடினாப் பொறகுதான் அந்த ஈரம் மெல்லக் கசியும், பொறகென்ன, பூஞ்சணந்தான். ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கக்குள்ள நம்மட முத்தத்துப் பாயில மிளகாய் எப்புடிக் காயும் எண்டு நீ பாத்திருக்காய்தானே, வெயிலால மட்டுமா, அந்தக் காத்தாலயுந்தான்.

பழத்துக்கு 55, 57 பாகை போதும். நான் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்த நல்லாப் பழுத்து ஆனா கசியாத பருவத்தில எடுத்து, அஞ்சு மில்லிமீட்டர் மொத்தத்தில ஒரே அளவா வெட்டுவன். ஒரு துண்டு மொத்தம், ஒரு துண்டு மெல்லிசு எண்டா மெல்லிசு கருகி மொத்தம் ஈரமா நிக்கும். வாழைப்பழம் கறுக்காம இருக்க தேசிக்காய்த் தண்ணியில முக்கி எடு. தட்டுல துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு அடுக்கு, ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டா காத்து எப்புடிப் போறது? என்ட மெசினுக்கு காத்தாடி அடியில, அதால கீழ்த்தட்ட மேலயும் மேல்தட்டக் கீழயும் இடையில மாத்துவன். உன்ட மெசினுக்குக் காத்தாடி பின்பக்கம் எண்டாய், உனக்கு அந்த வேல குறைவு.

எட்டு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும், பன்னிரண்டும் ஆகும், மணியப் பாத்து நிப்பாட்டாத. ஒரு துண்ட எடுத்து ஆறவிடு, சூட்டோட பாத்தா எல்லாம் மெத்தெண்டுதான் தெரியும். ஆறினாப் பொறகு நடுவால கிழிச்சு, கிழிஞ்ச இடத்த விரலால நசுக்கிப் பார். நீர்ப்பொட்டு வந்தா இன்னும் காயணும். வளையணும், ஒட்டாம இருக்கணும், அதுதான் பதம்.

இப்ப சொல்லப்போறதத்தான் நீ செய்யாம விட்டிரிக்காய். காஞ்சத போத்தல்ல முக்கால்வாசிக்கும் குறைவாப் போட்டு மூடி, ஒரு கிழமைக்கு தினமும் ஒருதரம் குலுக்கு. கொஞ்சம் ஈரமா உள்ள துண்டுட ஈரத்த காஞ்ச துண்டு இழுத்துக்கொள்ளும், எல்லாம் ஒரு நிலைக்கு வரும். போத்தல்ட உள்பக்கத்தில வேர்வை மாதிரி நீர் கண்டா உடன எடுத்துத் திரும்ப மெசின்ல போடு.

கறண்ட் பில்ல நினைச்சுப் பயப்பிடாத, 500 வாட் மெசின் பத்து மணித்தியாலம் விடாம முழுச்சூட்டுல ஓடினாலும் 5 யூனிட்தான். கார்த்திகை மார்கழியில இஞ்ச வானம் விடாமக் கொட்டக்குள்ள, வாவிக் காத்து ஈரத்தோட வீடு முழுக்க அடிக்கக்குள்ள, நீ அனுப்பின இந்த மெசின் இல்லாட்டி ஒண்டும் காயாது புள்ள. முந்தியெல்லாம் மாரிக்கு முன்னமே எல்லாம் காயவச்சு முடிச்சிரணும், காகத்துக்கும் அணிலுக்கும் காவல் வேற. லண்டன்ல உனக்கு வருசம் பூரா மாரிதானே, உனக்குத்தான் இது கட்டாயம் தேவை.

முருங்கை இலை, கறிவேப்பிலை, கறிக்கு வாசத்துக்குப் போடுற ரம்பை இலை கிடைச்சா 35, 40 பாகைக்கு மேல போகாத, மணம் போயிரும். கசக்கினா நொறுங்கணும். பாவக்காய வட்டமா வெட்டி உப்பும் மஞ்சளும் பிரட்டிப் போடு, பொரிச்சா நல்ல வத்தல். கரட், போஞ்சி எண்டா கொதிதண்ணியில ரெண்டு மூணு நிமிசம் போட்டெடுத்து குளிர்தண்ணியில விட்டுப் பொறகு காயவை, நிறம் மாறாது. மீன் மட்டும் அந்த மெசின்ல போடாத, பிளாஸ்டிக் தட்டுல ஏறின மணம் பொறகு மாம்பழத்துக்கும் வரும். கருவாடு நான் வரக்குள்ள கொண்டு வாறன்.

பேரனுக்கு மாம்பழம் குடுக்கக்குள்ள சின்னனா வெட்டி, பக்கத்தில இருந்து குடு. காஞ்ச துண்டு தொண்டையில ஒட்டும்.

அம்மா
களுவாஞ்சிக்குடி