ரத்தான செய்தியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தலையங்கத்தில், சின்னச் சின்ன நடைமுறைக் குறைகளைக் காட்டி உயர் நீதிமன்றம் குண்டர் சட்ட ஆணைகளை ரத்து செய்துகொண்டே போனால் அரசு எப்படிச் சட்டம் ஒழுங்கைக் காப்பாற்றும் என்று கேட்டிருந்தீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

அந்தச் சின்னக் குறைகள் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் அக்கா மகன் அந்தச் சட்டத்தில் உள்ளே இருந்தவன். அவன்மேல் இருந்தது ஒரு அடிதடி வழக்கு. ரிமாண்டில் இருந்தவனை ஜாமீனில் வந்துவிடுவான் என்று காரணம் காட்டி குண்டாஸ் போட்டார்கள், அதற்கு ஆதாரமாக அவனுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்கு, வேறு மாதிரியான ஒரு வழக்கில் கிடைத்த ஜாமீன் உத்தரவின் நகலை இணைத்திருந்தார்கள். இவன் அப்போது ஜாமீன் மனுவே போட்டிருக்கவில்லை. கையில் கொடுத்த காகிதக் கட்டில் பல பக்கங்கள் ஜெராக்ஸ் மை அப்பிப்போய் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாமல் இருந்தன. எதிர்த்துக் கொடுத்த மனு கோட்டையில் யார் மேசையில் கிடந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இவைதான் அந்தச் சின்னக் குறைகள்.

தடுப்புக் காவலில், அதாவது வழக்கு விசாரணை இல்லாமலே முன்கூட்டி அடைத்து, வைத்தால் காரணத்தைச் சொல்லவேண்டும், அதை எதிர்த்து மனு கொடுக்கச் சீக்கிரமே வாய்ப்புத் தரவேண்டும் என்று அரசமைப்பின் 22ஆவது பிரிவு சொல்கிறது. உள்ளே இருப்பவனுக்கு அந்தச் சமயத்தில் இருக்கிற மொத்தப் பாதுகாப்பும் அவ்வளவுதான் ஐயா. குற்றப்பத்திரிகை வேண்டாம், சாட்சி வேண்டாம், கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ ஆணை போட்டால் போதும், அரசு 12 நாளில் ஒப்புதல் கொடுத்தால் ஓராண்டு வரை வைத்திருக்கலாம். இடையில், அடைத்து வைக்கப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்க அறிவுரைக் கழகம் ஒன்று உண்டு. வக்கீல் வரக்கூடாது, உறவினர் வரலாம் என்றார்கள், நான் போனேன். காகிதத்தைப் படிக்கவே முடியவில்லை என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அதோடு சரி.

இந்தச் சட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். 1982இல் கள்ளச் சாராயம், போதைப்பொருள், ரவுடி என்று ஆரம்பித்தது, அப்புறம் திருட்டு விசிடி, மணல், சைபர் குற்றம் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். சேர்த்ததில் இரண்டு கழகங்களுக்கும் பேதமில்லை. 2017இல் மெரினாவில் ஈழத் தமிழர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றப்போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்திமீதும் இதே சட்டம்தான் பாய்ந்தது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்தது. 2024இல் ஆட்சி வேறு. யூடியூபர் சவுக்கு சங்கர்மீது போட்ட ஆணையை நீதிமன்றம் ஆகஸ்டில் ரத்து செய்தது, சில நாட்களிலேயே இன்னொரு ஆணை வந்துவிட்டது. அந்த மனிதர் பேசுகிற விதம் எனக்கு அறவே பிடிக்காது, அது வேறு விஷயம். நாட்டிலேயே தடுப்புக் காவல் கைதிகள் அதிகமுள்ள மாநிலம் என்று தமிழ்நாடு பல ஆண்டுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைக் கணக்கில் முதலிடத்தில் இருந்திருக்கிறது. எதெதற்கோ முதலிடம் என்று முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறார்களே, இதற்கும் ஒன்று கொடுக்கலாம்.

டெல்லிக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. நெருக்கடி நிலையின்போது, காரணமில்லாமல் பிடித்து வைத்தாலும் ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொன்னதைத் தள்ளிவிட்டுச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார், அடுத்த ஆண்டு அவரைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று. நெருக்கடி நிலை முடிந்து வந்த ஜனதா அரசு 44ஆவது திருத்தம் கொண்டுவந்ததே, அதில் தடுப்புக் காவலைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும் பிரிவு ஒன்று இருக்கிறது. அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியாகிவிட்டது, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆகிவிட்டது. அந்த ஒரு பிரிவை மட்டும் இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரவில்லை. காங்கிரஸ் கொண்டுவரவில்லை, கூட்டணிகள் கொண்டுவரவில்லை, நெருக்கடி நிலையைப் பற்றி ஆண்டு தவறாமல் ஜூன் மாதம் பேசுகிற பாஜகவும் கொண்டுவரவில்லை. அரசுக்கு உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1981இலேயே கைவிரித்துவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு, நீதிமன்றம் நிர்வாகத்தில் மூக்கை நுழைக்கிறது என்று தலையங்கம்!

நீதிமன்றத்தைக் கும்பிடச் சொல்லி நான் எழுதவில்லை. எங்கள் மனு விசாரணைப் பட்டியலில் வருவதற்கே மாதக்கணக்கில் ஆனது. ஒருவழியாக ஆணை ரத்தானபோது அவன் தண்டனைக் காலத்தில் பெரும்பகுதியை, அதாவது யாரும் விதிக்காத ஒரு தண்டனையை, அனுபவித்து முடித்திருந்தான். ஆணை போட்ட அதிகாரியிடம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நஷ்டஈடு என்ற பேச்சே எழவில்லை. கோர்ட்டில் நிற்காது என்று போடும்போதே அவர்களுக்குத் தெரியும், ரத்தாகும்வரை உள்ளே இருந்தால் அதுவே போதும் என்பதுதான் கணக்கு. ஒரு போலீஸ்காரர் என் முகத்தைப் பார்த்தே இதைச் சொன்னார், கொஞ்சம் ஆறுதலான குரலில்.

மனித உரிமை ஆணையத்துக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்வதற்கே 2021இல் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு உட்காரவேண்டி இருந்தது. எங்களுக்கு இன்னொரு வாசலில் நிற்கத் தெம்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவனைக் குண்டர் சட்டத்தில் அடைத்த மறுநாள் உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது, 'பிரபல ரவுடி' என்று. எங்கள் தெருவில் நாலு பேருக்குத் தெரியாதவன் எப்படிப் பிரபலம் ஆனான் என்று நாங்களே ஆச்சரியப்பட்டோம். பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றதற்கு அந்தப் படம் போதுமானதாக இருந்தது. ஆணை ரத்தான அன்று உத்தரவு நகலோடு உங்கள் அலுவலகத்துக்கு நானே வந்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை ஒரு வரி வரவில்லை.

அரசை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. ஒருவர்மீது குண்டர் சட்டம் போட்டதைப் படத்தோடு போடுகிறீர்கள் அல்லவா, ரத்தானால் அதையும் படமில்லாமல் நாலு வரியாவது போடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்
(என் பெயரைப் போடவேண்டாம், அவன் பெயரையும்தான்.)