துண்டுக் கடதாசித் தம்பிக்கு நன்றி

அம்மாவின் அந்தியேட்டி முடிந்து மூன்று நாளாகிறது. போனைத் திறந்தால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும், "புத்தகம் திறந்துவிட்டது, வாசித்துக்கொண்டிருக்கிறோம்" என்று செய்தி வந்தபடி இருக்கிறது. அம்மாவின் கட்டுரைகளைத் தொகுத்த நினைவு மலர் அச்சில் வராமல் போனதும், கடைசி ஐந்து நாளில் அதை மின்நூலாக்க நான் ஓடித் திரிந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதவில்லை.

அம்மாவின் கையெழுத்துக் கொப்பிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்த மருமகள்மார் இருவர், பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடந்த கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றித் தந்த மச்சான், எழுத்துப்பிழை பார்த்த ரீச்சர், மூன்று இரவும் பிட்டும் சம்பலும் கொண்டுவந்து வைத்த மேல்மாடி அன்ரி. உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது.

வெள்ளவத்தையில், காலி வீதியோரப் போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கும் தம்பியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஈபப் மின்நூல் என்பது உண்மையில் ஒரு ஸிப் பொதி. உள்ளே கட்டுரைகள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கும். அவற்றைப் புத்தகமாகக் கட்டுவது ஓபிஎஃப் என்ற அமைப்புக் கோப்பு. பொதிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை அதன் 'மானிஃபெஸ்ட்' பகுதியில் ஒன்றுவிடாமல் பதியவேண்டும். எதற்குப் பிறகு எதை வாசிப்பது என்பதை 'ஸ்பைன்' பகுதியில் எழுதவேண்டும். ஸ்பைன் என்றால் முதுகெலும்பு. என் புத்தகத்தில் அதுதான் முறிந்து கிடந்தது. அம்மாவின் 27 கட்டுரைகளில் 1க்குப் பிறகு 10 வந்தது, 19க்குப் பிறகு 2 வந்தது. சோதிக்கும் மென்பொருளோ வரிக்கு வரி சிவப்பில் பிழை காட்டியது.

தம்பி திரையைப் பார்த்தார். "அக்கா, மானிஃபெஸ்டில ஒவ்வொரு கோப்புக்கும் குடுக்கிற இந்த அடையாளப் பெயர் எண்ணில தொடங்கக் கூடாது. முன்னால ஒரு எழுத்துப் போடுங்கோ. ஒன்பது வரைக்கும் எண்ணுக்கு முன்னால ஒரு பூச்சியமும் சேருங்கோ, அப்ப வரிசை குழம்பாது." சிவப்பு மறைந்தது. அதோடு அவர் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

போகவில்லை. பழுதான பிரிண்ட் தாள்களை 27 துண்டாக வெட்டி, பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஒரு தலைப்பை எழுதி, கண்ணாடி மேசையில் வரிசையாகப் பரப்பினார். காற்றாடிக்குப் பறக்காமல் ஸ்டேப்ளரையும் கத்தரிக்கோலையும் தூக்கி வைத்தார்.

"இந்த ஒழுங்கு ஆர் சொன்னது?"

எழுதின திகதிப்படி என்றேன்.

"அம்மா கதைக்கத் தொடங்கினா எதை முதல் சொல்லுவா?"

நான் அப்படியே நின்றேன். ஐந்து நாளாகக் கோப்பு திறக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. அம்மா எதைச் சொல்ல வந்தாலும் காரைநகர் வீட்டுக் கிணற்றில்தான் தொடங்குவா. அந்தக் கட்டுரை 19ஆவதாகக் கிடந்தது. அதை எடுத்து முதலில் வைத்தேன். அதற்குப் பிறகு கை தானாகவே போனது.

அடையாள அட்டை கொப்பி எடுக்க நின்றவர்களிடம், "கொஞ்சம் பொறுங்கோ, இது இவவின்ர அம்மாவின்ர வேலை" என்றார் தம்பி. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் ஸ்பைனில் வரி வரியாகத் தட்டினார். ஸ்பைனை மாற்றினால் உள்ளடக்கப் பட்டியல் தானாக மாறாது என்று, அதையும் இருந்து மாற்றித் தந்தார். மொழி என்ற இடத்தில் நான் கவனிக்காமல் விட்டிருந்த ஆங்கிலக் குறியை எடுத்துவிட்டுத் தமிழுக்குரியதைப் போட்டார்.

"கிணற்றடியில தொடங்கினதும் அவவின்ர குரல் கேட்டது" என்று ரொறன்ரோவிலிருந்து சித்தி எழுதியிருக்கிறா. தம்பி, அந்தக் குரலைக் கேட்க வைத்தது நீங்கள்தான். அந்த 27 துண்டுகளையும் அம்மாவின் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் ஒழுங்கையில் யாருடைய வீட்டிலாவது இப்படிக் கொப்பிகள் கிடந்தால் கொண்டுவாருங்கள். அமைப்புக் கோப்பை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். எதை முதலில் வைப்பது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.