பி பிளாட்டுக்கு ஒரு வழி போதாது

ஆசிரியருக்கு,

கத்ரி கோபால்நாத் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த சாக்ஸபோன் இப்போது கல்யாண வீடுகளிலும் சகஜம். கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பிள்ளைகளும் அதிகம். ஆனால் பலருக்கு பி பிளாட் (பி ஸ்வரத்துக்கு அரைப் படி கீழே உள்ள ஸ்வரம்) என்றால் வலக்கைப் பக்கவாட்டுக் கட்டை மட்டும்தான் தெரிகிறது. அதை வேறு எளிய விரலமைப்பில் வாசிப்பது சோம்பேறித்தனம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம்!

பி பிளாட் அடிக்கடி வரும் எஃப் மேஜர் ஸ்கேலில் வாசிக்கும்போது அந்தப் பக்கவாட்டுக் கட்டை வீண் சிரமம். பி கட்டைக்குக் கீழே பொத்தான் போல ஒன்று இருக்கும், பிஸ் என்பார்கள். ஆட்காட்டி விரலை இரண்டின் மேலும் பதித்துவிட்டால், ஏ-விலிருந்து நடுவிரலைத் தூக்கினாலே பி பிளாட் வந்துவிடும். சரி, அடுத்தே வெறும் பி வந்தால்? அப்போது பிஸ் வேண்டாம், விரல் வழுக்கும். பக்கவாட்டுக் கட்டைதான் சுத்தம்.

பி, சி மாறி மாறி வேகமாக வருகிறதா? விரல்களை மாற்றித் தடுமாற வேண்டாம். பி-யைப் பிடித்தபடியே வலப்பக்கக் கட்டைகள் மூன்றில் நடுவிலுள்ளதைத் தட்டுங்கள்.

உங்கள் மாணவர் பக்கத்தில் சாக்ஸபோனில் எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று காட்டும் படம் ஒன்று போடலாமே. போட்டால், அந்தப் பிஸ் கட்டையை விட்டுவிடாதீர்கள்.

சாக்ஸபோன் ஆசிரியர்,
திண்டுக்கல்